இரண்டு பக்கமும் கேட்குதா?

வெதுருகுப்பத்திலிருந்து பச்சிகாபள்ளம் போகிற வழியில் சாலையோரமாக ஒரு தகரக் கொட்டகை. முன்னால் எடைமேடை. அதை ஒட்டி ஒற்றை அறை. மாங்காய் வாங்கும் இடம். இந்தப் பக்கத்து ஆட்கள் ரேம்ப் என்பார்கள். கூழ் ஆலையும் பெரிய ஆபீஸும் சித்தூரில். தோப்புக்காரர்கள் இங்கே கொட்டுவதை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

வெயில் ஏறிவிட்டது. எடைமேடைக்கு முன்னால் டிராக்டர்கள் வால் நீண்டு நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே காய்: தோத்தாபுரி. தமிழ் பேசுகிறவர்கள் பெங்களூரா என்கிறார்கள். மூக்கு வளைந்த காய். வெட்டித் தின்ன வாங்குகிறவர்கள் குறைவு; கூழுக்கென்றே வளர்ப்பது. ஆலை வாங்காவிட்டால் கொண்டுபோக வேறு வாசல் கிடையாது. மரத்தில் விட்டால் பழுத்து விழும், வண்டியில் விட்டால் வெந்து அழுகும்.

அறைக்குள் ரைட்டர். பில் எழுதுவது, கூலி கொடுப்பது, அழுகல் கழிப்பது எல்லாம் அவர்தான். முதுகுக்குப் பின்னால் கரும்பலகை. அதில் இன்றைய விலை என்று தெலுங்கில் எழுதி, எதிரே காலியாக விட்டிருக்கிறது.

பெரியவர் ஒருவருக்குத் துணையாக வந்திருக்கிறேன். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விலை வருகிற விதம் இங்கே எல்லோருக்கும் தெரியும். அறைக்குள் செல்போன் டவர் சரியாக எடுக்காது. ரைட்டர் எழுந்து வாசலைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போவார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு சித்தூரைக் கூப்பிடுவார். அங்கே பேசுவது இவருக்குக் கேட்காது. இவர் பேசுவது அங்கே கேட்காது. அதனால் கத்துவார். "எட்டா? ஏழரையா? சார், ஏழரைன்னா சண்டைக்கு வருவாங்க சார்!" மரத்தைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் பாதிப் பேச்சைக் கேட்டு மீதியைத் தாங்களே கூட்டிக்கொள்வார்கள். அவர் திரும்பி வந்து பலகையில் எழுதுவதற்குள் விலை கடைசி டிராக்டர் வரைக்கும் போய்விட்டிருக்கும். ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் எங்கே இழுக்கலாம் என்ற கணக்கும் கூடவே போயிருக்கும்.

இன்றைக்குத் திருப்பதியிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு அட்டைப்பெட்டி, முதுகில் பை. பெட்டிக்குள் ஒரு வி.பி.என். ரவுட்டர், ஒரு சின்ன சுவிட்ச், இரண்டு ஐ.பி. போன். ஒன்று ரைட்டர் மேஜைக்கு, இன்னொன்று எடைமேடைக் கூண்டுக்கு.

"சார், இனிமே மரத்தடி வாணாம்" என்கிறான். ரைட்டர் தலையாட்டுகிறார். வாசலில் நிற்கிற நாலைந்து பேர் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்.

இன்டர்நெட் கம்பி ஏற்கெனவே வந்திருக்கிறது. மின்கம்பத்திலிருந்து கொட்டகை முகட்டுக்கு இறங்கி, அங்கிருந்து ஜன்னல் வழியாக உள்ளே. ஆந்திரத்தில் இது பழகிப்போன காட்சி. மாநில அரசின் ஃபைபர்நெட் பள்ளம் தோண்டிக் காத்திருக்காமல் மின்கம்பங்கள் மேலேயே ஒளியிழையை இழுத்துக்கொண்டு போனது. 2017 டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டி.வி., இன்டர்நெட், போன் மூன்றும் சேர்ந்து மாதம் 149 ரூபாய் என்றுதான் ஆரம்பத்தில் விலை சொன்னார்கள்.

பையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கேபிளின் தோலைச் சீவுகிறான். எட்டுக் கம்பிகள் நான்கு முறுக்காக வெளியே வருகின்றன. முறுக்கைப் பிரித்து, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று உதடு மட்டும் அசைய வரிசை வைக்கிறான். நுனியைச் சமமாக வெட்டி, கண்ணாடி போன்ற பிளக்குக்குள் செருகி, கிரிம்பிங் டூலில் ஒரே அழுத்து. வாசலில் குந்தியிருக்கும் பெரியவர் அந்தக் கையையே பார்க்கிறார்.

"எந்த ஊர்ப்பா நைனா?"

"கார்வேட்டிநகரம் தாத்தா. இப்ப வேலை திருப்பதில."

"அப்ப நம்ம பையன்தான்."

தெலுங்கில் பாதி, தமிழில் பாதி. கேள்வி ஒரு மொழியில் போனால் பதில் இன்னொன்றில் வருகிறது. பெரியவர் பிறந்தபோது சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திரத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனது. காகிதத்தில் கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் ரேம்பில் பேச்சு அப்படியேதான் இருக்கிறது.

ரவுட்டரில் விளக்குகள் எரிகின்றன. பையன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் ஆபீஸில் இருக்கும் இன்னொரு பையனோடு செல்போனில் பேசுகிறான். அதற்கு அவனும் மரத்தடிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. லேப்டாப் உள்ளே, டவர் வெளியே. வாசலுக்கும் மரத்துக்கும் நடையாக நடக்கிறான்.

டனல் ஏறமாட்டேன் என்கிறது. டனல் என்பது அவர்கள் வார்த்தை. இங்கிருந்து போகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் மறைகுறியாக்கி, வேறொரு பொட்டலத்துக்குள் வைத்து மூடி, மேலே சித்தூர் விலாசத்தை எழுதி அனுப்புவது, அங்கே பிரிப்பது. நடுவில் யார் பார்த்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. பெருநகரத்து ஆபீஸ்கள் வெகுநாளாகச் செய்கிற வேலை, இப்போது மாங்காய் ரேம்ப் வரைக்கும் வந்திருக்கிறது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டான். சித்தூர் ஆபீஸுக்குள் இருக்கும் மெஷின்களின் எண்களும் 192.168.1 என்றுதான் தொடங்குகின்றன; இங்கே இருப்பதும் அதேதான். ஆபீஸுக்குள்ளேயும் வீட்டுக்குள்ளேயும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-இல் ஒதுக்கிவைத்த எண்கள் இவை. கடையில் வாங்குகிற ரவுட்டர்களில் பல அந்த எண்ணோடுதான் வரும். தனித்தனியாக இருக்கும்வரை தொந்தரவில்லை. இரண்டையும் இணைத்தால் இரண்டு ஊரிலும் ஒரே பெயரில் தெரு, அதே கதவு எண் என்றாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கடிதம்தானே என்று தபால்காரர் ஊர் எல்லையைத் தாண்டாமல் நின்றுவிடுகிறார். பையன் இந்தப் பக்கத்து எண்ணை 192.168.50 என்று மாற்றுகிறான். ரவுட்டர் அணைந்து எரிகிறது.

"யாரு யாரைக் கூப்பிடணும்?" என்று சித்தூரிலிருந்து கேட்டிருக்க வேண்டும். "நாமதான் கூப்பிடணும். இங்க நிலையான ஐ.பி. கிடையாது. உங்களுக்குத்தான் இருக்குது" என்கிறான் மரத்தடியிலிருந்து.

கிளை ஆபீஸ் எப்போதும் இப்படித்தான். அதன் விலாசம் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. பல இடங்களில் நூறு வாடிக்கையாளருக்குச் சேர்த்து ஒரே பொது விலாசம். வெளியிலிருந்து யாரும் இதைத் தேடி வர முடியாது. இதுதான் போய்த் தலைமை ஆபீஸின் கதவைத் தட்ட வேண்டும். தட்டித் திறந்த பிறகும் சும்மா இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் சத்தமில்லாவிட்டால் நடுவிலிருக்கும் கருவி ஆள் போய்விட்டார் என்று வழியை மூடிவிடும். அதனால் வேறு பேச்சு இல்லாத நேரத்தில் 20 விநாடிக்கொரு தரம் ஒரே ஒரு பைட்டை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். அந்த பைட்டில் செய்தி எதுவும் இல்லை. இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். வெளியே டிராக்டர்காரர் ஒருவர் கால் மணிக்கு ஒரு தரம் ஜன்னலில் தலையை நீட்டி, "விலை வந்துச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

டனல் ஏறிவிட்டது. போன் திரை விழிக்கிறது. 201 என்று காட்டுகிறது. கூண்டில் இருக்கும் போன் 202. சித்தூர் ஆபீஸின் உள்ளே இருக்கும் மேஜைகளுக்கும் இதே வரிசை எண்கள்தான். ஒன்றரை நாழிகை பஸ்ஸில் போனாலும் போய்ச்சேராத ஊர், மூன்று இலக்கத்துக்குள் வந்துவிட்டது.

அப்போது பார்த்துக் கரண்ட் போகிறது.

ஃபேன் நிற்கிறது, ரவுட்டர் அணைகிறது, போன் திரைகள் இருண்டுவிடுகின்றன. "பழைய பி.எஸ்.என்.எல். போனு கரண்ட் இல்லாட்டியும் பேசும்பா" என்கிறார் ரைட்டர். உண்மைதான். அந்தக் காலத்துப் போனுக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் போன் அடிக்கும். இந்த ஐ.பி. போனுக்கும் கேபிள் வழியாகவே மின்சாரம் வருகிறது. ஆனால் அது பக்கத்து சுவிட்சிலிருந்து வருவது. சுவிட்ச் அணைந்தால் இதுவும் அணையும். பையன் எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் யு.பி.எஸ்.ஸைப் பார்க்கிறான். அதில் காலியாக ஒரு பிளக் இருக்கிறது. ஒயரை நீட்டி அதற்கு மாற்றுகிறான்.

கரண்ட் இல்லாத அந்த நேரத்தில் அறையில் பேச்சு விலைக்குத் திரும்புகிறது. 2025 சீசனைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வருஷம் காய் கொட்டிக் கிடந்தது. முந்தின வருஷத்துக் கூழே ஆலைகளில் தேங்கிக் கிடந்ததாகச் சொன்னார்கள். ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், மேலே 4 ரூபாயைத் தானே போடுவதாக ஆந்திர அரசு அறிவித்தது. ஆக 12 ரூபாய். வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். அவ்வளவு பெரிய ஆட்கள் பேசிய விலை. இங்கே வந்து இறங்கும்போது எவ்வளவாக இருந்தது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. பெரியவர் தன் கணக்கைச் சொல்ல வாயெடுக்கிறார். ரைட்டர் இருப்பதைப் பார்த்து மூடிக்கொள்கிறார்.

கரண்ட் வருகிறது. பையன் 201-இலிருந்து சித்தூர் அக்கவுண்ட்ஸை அழைக்கிறான். மணி போகிறது. எடுக்கிறார்கள். விநாடிகள் ஓடுகின்றன. பையன் முகம் சுருங்குகிறது. "ஹலோ, ஹலோ. இனபடதாந்தா? கேக்குதா?" மரத்தடிக்கு ஓடி செல்போனில் கேட்கிறான். திரும்பி வருகிறான்.

"நாம பேசறது அங்க கேக்குதாம் சார். அவங்க பேசறதுதான் இங்க வரல."

"மணி அடிச்சுதேப்பா?"

"மணி வேற வழி, குரல் வேற வழி சார்."

அதுவும் உண்மை. இந்தப் போன்களுக்குள் அழைப்பு விடுப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் 2002-இல் திருத்தி வகுத்த சிப் என்ற முறைப்படி நடக்கிறது. அந்த அழைப்புச் சீட்டுக்குள்ளேயே, என் குரலுக்குப் பதிலை இந்த விலாசத்துக்கு அனுப்பு என்று ஒரு வரி இருக்கும். குரல் அந்த வரியைப் பார்த்துத் தனியாகக் கிளம்பும். நடுவிலிருக்கும் ரவுட்டர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அந்த வரியைத் திருத்திவிட்டது. சித்தூரின் குரல் டனலை விட்டு வெளியே எங்கேயோ போய் விழுந்துகொண்டிருக்கிறது. பையன் அந்த உதவியை அணைத்துவிட்டு, டனலுக்குள் போகிற பொட்டலங்களின் விலாசத்தைத் தொடாதே என்று ஒரு வரி சேர்க்கிறான்.

மறுபடி அழைப்பு. இந்த முறை ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுக்கிறான்.

"ஆ, சொல்லுங்க அண்ணா" என்று ஒரு பெண் குரல். பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. அங்கே ஓடுகிற ஃபேனின் சத்தம், யாரோ ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் கூட வருகிறது. வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். டிராக்டரிலிருந்து ஒரு அம்மா இறங்கி வருகிறார். தலையில் துண்டு, கையில் மாம்பால் பட்டு வெந்த கறுப்புத் தழும்புகள். போனையே உற்றுப் பார்க்கிறார்.

"இது சித்தூரா?"

"சித்தூர்தான்க்கா."

"இன்னா தெளிவு!"

தெளிவுக்குக் கணக்கு உண்டு. பேச்சை விநாடிக்கு 50 துண்டாக நறுக்குகிறது இந்த போன். சிக்கன முறையில் ஒரு துண்டில் 20 பைட் பேச்சு இருந்தால், அதைக் கொண்டுசேர்க்க 40 பைட் விலாசம் ஒட்ட வேண்டும். டனலுக்குள் வைத்தால் அதற்குமேல் இன்னொரு சுற்று. பேச்சை விட உறை பெரிது. இந்தத் துண்டுகள் சென்னை வரை போய்த் திரும்பிச் சித்தூர் வந்தாலும், ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் மனிதக் காதுக்குத் தாமதம் உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. பையன் திரையில் பார்க்கிறான். அதில் பாதி கூட ஆகவில்லை.

தூரத்துக் குரல் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இதே மாவட்டத்தில் அரகொண்டா என்று ஒரு கிராமம். அப்பல்லோ மருத்துவமனையின் பிரதாப் ரெட்டி பிறந்த ஊர். 2000 மார்ச்சில் அங்கே செயற்கைக்கோள் வழியாகத் தொலைமருத்துவம் தொடங்கியபோது, இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் அதை ஹைதராபாதிலிருந்து தொடங்கி வைத்தார். கிராமத்து நோயாளி திரைக்கு முன்னால் உட்கார்வார். தூரத்து டாக்டர் அவரையே கேள்வி கேட்பார். எங்கே வலிக்கிறது என்று நோயாளிதான் சொல்ல வேண்டும். வேறு யார் சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

பெரியவர் மெதுவாகக் கேட்கிறார். "நைனா, எங்க வீட்லேர்ந்து இந்த 201-க்குப் போட்டா வருமா?"

"வராது தாத்தா. இது ஆபீஸுக்குள்ள மட்டும். வெளி நம்பரு இதுக்குள்ள வராது, இதுலேர்ந்து வெளியவும் போவாது."

அது பையன் வைத்த விதி அல்ல. ஆபீஸுக்குள் மட்டும் பேசும் வலையையும் பொதுத் தொலைபேசி வலையையும் இஷ்டத்துக்கு முடிச்சுப் போடக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை நெடுங்காலம் கட்டுப்பாடு வைத்திருந்தது. 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் கால் சென்டர் போன்ற நிறுவனங்களுக்கு அந்தப் பிடியை வெகுவாகத் தளர்த்தினார்கள். ரேம்புக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. வாங்குகிறவன் வாங்குகிறவனோடு பேசினால் போதும்.

பையன் ஒரு தாளை நீட்டுகிறான். வேலை முடிந்ததற்கான படிவம். ரவுட்டர் எண், போன் எண், டனல் இணைந்ததா, இரண்டு பக்கமும் பேச்சு கேட்கிறதா. ரைட்டர் ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போட்டுக் கீழே கையெழுத்து வைக்கிறார். பையன் கத்திரித்த கேபிள் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போடுகிறான்.

அவன் பையைத் தோளில் மாட்டுவதற்குள் போன் அடிக்கிறது. முதல் நிஜ அழைப்பு. அறையில் அத்தனை பேரும் அசையாமல் நிற்கிறார்கள்.

ரைட்டர் ரிசீவரை எடுத்துக் காதோடு அழுத்திக்கொள்கிறார். உடம்பைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். கத்த வேண்டிய அவசியமே இல்லை. "ம். சரி சார். ம். எவ்ளோ லோடு சார்? ம். சரி சார்." குரல் அவ்வளவு தாழ்ந்து இதற்கு முன் அவரிடமிருந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜன்னலில் தலையை நீட்டியிருந்தவர் அவர் வாயசைவைப் பார்க்கிறார். ஒன்றும் பிடிபடவில்லை. வேப்பமரத்தடியில் பாதியாவது கிடைத்தது.

அந்த அம்மா மேஜைக்குக் கிட்டே வந்துவிட்டார்.

"சார், அந்தப் பையன் ஒரு பட்டனு அமுக்கினானே, அதை அமுக்குங்க. நாங்களும் கேக்கறோம்."

ரைட்டர் ரிசீவரைக் கையால் பொத்துகிறார். "அது டெஸ்ட்டுக்கும்மா."

"எங்களுக்கும் டெஸ்ட்டுதான். எங்க காய்க்கு இன்னா வெலை சொல்றாங்கன்னு பாக்கணுமில்ல?"

யாரோ சிரிக்கிறார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "அமுக்கு நைனா, பரவால்ல" என்று பையனிடம் சொல்கிறார். பையன் ரைட்டர் முகத்தைப் பார்க்கிறான். அவன் கை பையின் வாரிலேயே இருக்கிறது.

"வண்டிய ஏத்துங்க முதல்ல. எடை ஆகட்டும். வெலை அப்புறம் எழுதறேன்" என்கிறார் ரைட்டர்.

வெளியே முதலில் நிற்பது அந்த அம்மாவின் டிராக்டர்தான். முன் சக்கரம் எடைமேடையின் இரும்பு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மேடையில் ஏறிவிட்டால் காய் இறங்கும். இறங்கிவிட்டால் திரும்ப ஏற்றக் கூலி யார் கொடுப்பது? அந்த அம்மா வாசலுக்குப் போய் டிரைவரைப் பார்த்துக் கையை நீட்டித் தடுக்கிறார். பிறகு இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்துகிறார்.

"வெலை எனக்குக் கேட்டாத்தான் மேடை ஏறும்."

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். மூன்றாவது வண்டிக்காரர் இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு அவரும் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறார்.

ரைட்டர் பொத்திய கையை எடுக்கிறார். "சார், இங்க ஸ்பீக்கர் போடச் சொல்றாங்க சார்." அந்தப் பக்கம் ஏதோ சொல்கிறார்கள். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். "சரி சார்" என்று வைத்துவிடுகிறார்.

"இன்னா சொன்னாங்க?"

"பெரிய சாரைக் கேட்டுச் சொல்றாங்களாம்."

"கேட்டுச் சொல்லட்டும்" என்று அந்த அம்மா எடைமேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். "ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லச் சொல்லுங்க. போனுதான் நல்லா இருக்குதே."